பத்துக்கு எத்தனை?

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாஸ்டர் போன் செய்தார். பள்ளியில் எனக்கு உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் பையன்களைச் சேர்த்துக் கபடி சொல்லிக்கொடுப்பதை விடவில்லை.

"நீ கம்ப்யூட்டர்லதானய்யா இருக்க? நம்ம பையன் ஒருத்தன் ஆடுன ஆட்டமெல்லாம் போன்ல எடுத்து வெச்சிருக்கோம். அதப் பார்த்து, அவன் எப்படி ஆடுறான்னு கணக்குப் போட்டு எழுதிக் குடு. புரோ கபடி டீம் ஒண்ணு செலக்‌ஷன் வெக்கிறாங்க. பாரம் அனுப்பியிருக்காங்க."

கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்கு எல்லாமே தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பிரிண்டர் ரிப்பேரிலிருந்து கல்யாணப் பொருத்தம் வரை என்னிடம் வந்திருக்கிறது. இதையும் அந்த மாதிரி ஒன்றாக எடுத்துக்கொண்டு சரி என்றேன். ராஜபாளையத்தில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம். சாயங்காலங்கள் சும்மாதான் கிடந்தன.

பையன் ராஜபாளையத்துக்காரன். இருபத்தொரு வயது, அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தான். அவனுடைய அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறார். இவனுக்கு ஒரு நூற்பாலையில் டிரெய்னி சூப்பர்வைசர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது, ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். தேர்வும் கிட்டத்தட்ட அதே சமயம். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

அந்த பாரத்தில் உயரம், எடை, வயது, ஆடும் இடம், கடந்த ஆறு மாதத்தில் ஏற்பட்ட காயங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில், பரிந்துரைப்பவரின் மதிப்பீடு, பத்துக்கு எத்தனை?

*

தம்பி ஆடுவது கவர். கபடியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரெய்டர் பாடிக்கொண்டு வரும்போது எதிரணியின் ஏழு பேரும் வளைவாக நிற்பார்கள். இரண்டு ஓரங்களிலும் கார்னர். அதற்கு உள்ளே இன், அதற்கும் உள்ளே கவர், நடுவில் சென்டர். கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிற கார்னரைத்தான் கேமரா காட்டும். கவர் அநேகமாக இன்னொருவன் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பான்.

ஏழு ஆட்டங்களின் வீடியோ இருந்தது. எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன். ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி போட்டு, தம்பி பிடிக்கப் போனானா, பிடித்தானா, தவறவிட்டானா என்று குறித்தேன். எண்ணி முடித்தபோது ஏமாற்றமாக இருந்தது. அவன் பிடித்த பிடிகள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருந்தன. அதே அணியின் இடது கார்னர் பையன் அதைப் போல மூன்று மடங்கு பிடித்திருந்தான். ஒரு ஆட்டத்தில் ஐந்து பிடிப் புள்ளி எடுத்தால் அதற்கு ஹை ஃபைவ் என்று பெயர், திரையில் பெரிதாக வரும். தம்பி ஒரு ஆட்டத்தில்கூட அதன் பக்கத்தில் போகவில்லை.

இங்கேதான் தப்புச் செய்தேன். அந்த அட்டவணையை வாட்ஸ்அப்பில் நேராக அவனுக்கே அனுப்பிவிட்டேன். கூடவே, "பிடி கொஞ்சம் கம்மியா இருக்கு தம்பி, செலக்‌ஷன்ல இதைத்தான் பார்ப்பாங்க" என்று ஒரு வரி. உள்ளதைச் சொல்வதில் என்ன தப்பு என்று அப்போது நினைத்தேன். "சரிண்ணே" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர்த் திருவிழாவையொட்டிப் போட்டி. நானும் பார்க்கப் போயிருந்தேன். தம்பியைப் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருந்தது. ரெய்டர் உள்ளே கால் வைத்ததும் பக்கத்தில் இருப்பவன் கையை உதறிவிட்டுப் பாய்ந்தான். முதல் பாதியில் இரண்டு பேரைப் பிடித்தான், நாலு பேருக்குப் புள்ளி கொடுத்தான். அவன் விட்டுவந்த இடைவெளி வழியாக மற்றவர்களும் அவுட் ஆனார்கள். இரண்டாம் பாதியில் ஒரு ரெய்டர் மேல் தாவியபோது அவன் விலகிவிட, தம்பி தோள் தரையில் மோத விழுந்தான். தோளில் தசைப்பிடிப்பு, பத்து நாள் ஆடக்கூடாது என்றார் டாக்டர்.

மாஸ்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நாலு வருஷமா கைய விடாதடான்னு சொல்லி வளர்த்தேன்" என்று மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

*

எங்கள் ஊருக்கு வெளியே ராஜபாளையம் என்றதும் பலர் சொல்வது நாயைத்தான். 2005இல் இந்திய அஞ்சல் துறை இந்த நாய்க்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால் அசல் ராஜபாளையம் என்பார்கள். குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் விலை இறங்கிவிடும். ஆனால் அந்த வெள்ளைக் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய. ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காது வேலை செய்யவும் வேண்டும். நிறத்தை ஒழித்துக்கொண்டே போனால் சில குட்டிகளில் கேள்வியும் சேர்ந்து போய்விடுகிறது.

இது காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போன நாய். இரவில் கேட் திறக்கும் சத்தம் அதற்குத்தான் முதலில் கேட்க வேண்டும். யாரும் செவிட்டு நாய் வேண்டும் என்று கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதற்கு விலையாகக் கொடுத்தார்கள்.

தோளில் கட்டோடு தம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது இந்த ஞாபகம்தான் வந்தது. அளவுகோல் ஓரமாக நின்று சும்மா அளந்துவிட்டுப் போவதில்லை. அளக்கப்படுவது மனிதனாக இருந்தால் அவன் அதைப் பார்க்கிறான், அதற்கேற்ப வளைகிறான். நான் பிடிகளை எண்ணினேன், அவன் ஒரே வாரத்தில் பிடி எண்ணுகிறவனுக்கு ஏற்ற ஆட்டக்காரனாக மாறிவிட்டான். தர்மசங்கடம் என்னவென்றால், நான் சொன்னது பொய் இல்லை. செலக்‌ஷனில் உண்மையிலேயே அதைத்தான் பார்ப்பார்கள்.

*

மறுநாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாஸ்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே ஏழு ஆட்டங்களை மறுபடி ஓடவிட்டோம். இந்த முறை அவர் சொன்ன இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

"ரெய்டர் முகத்தைப் பாருய்யா, பையனைப் பார்க்காத" என்றார்.

பார்த்தேன். ரெய்டர் கார்னர் பக்கம் சாய்கிறான். தம்பி அரை அடி முன்னே நகர்கிறான், அவ்வளவுதான். ரெய்டர் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டிய வழி அந்த அரை அடியில் அடைபடுகிறது. ரெய்டர் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறான். முப்பது விநாடி முடிகிறது, வெறுங்கையோடு திரும்புகிறான். என் அட்டவணையில் அந்த வரியில் பூஜ்யம் போட்டிருந்தேன். அதே மாதிரி பூஜ்யங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் நிறைய இருந்தன.

கபடி விதியிலேயே இதற்குக் கணக்கு உண்டு என்பதை யோசிக்காமல் விட்டிருந்தேன். புரோ கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை. புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் அவுட். மூன்றாவது ரெய்டர் அவசரத்தில் உள்ளே நுழைகிறான், கார்னர் பையன் கணுக்காலை அமுக்குகிறான், கூட்டம் விசிலடிக்கிறது. பிடி கார்னர் பெயரில் விழுகிறது. அவனை அந்த அவசரத்துக்குத் தள்ளிய முதல் இரண்டு பூஜ்யங்கள் யார் பெயரில்? மூன்றாவதிலேயே கார்னர் காலைப் பிடித்த மறுகணம் தம்பி வந்து மோதித் தள்ளியிருந்தால்கூட, புள்ளி பெரும்பாலும் முதலில் பிடித்தவனுக்குத்தான்.

எனக்கு என்னுடைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஓர் அப்ரைசல் கூட்டத்தில், என் குழுவில் இருந்த ஒருவரைப் பற்றிக் கேட்டபோது, "பெருசா ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல, நடுத்தரம்" என்றேன். மற்றவர்கள் எழுதும் கோடை வெளியே போகுமுன் படித்துப் பார்ப்பது அவர் வேலை. அந்த வருடம் நள்ளிரவில் எங்களை எழுப்பும் போன் ஒன்றுகூட வரவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு வந்தது, அடிக்கடி வந்தது. அவர் செய்ததெல்லாம் நடக்காமல் போனவற்றில் இருந்தது. நடக்காமல் போனதை எந்த அட்டவணையில் எழுதுவது?

*

அமெரிக்கக் கால்பந்தில் சேஃப்டி என்று ஓர் இடம் உண்டு. தடுப்பவர்களில் கடைசி வரிசை, முன்னால் நிற்பவர்கள் எல்லாரையும் தாண்டி வருபவனை நிறுத்த வேண்டியவன். அவன் நன்றாக ஆடினால் பந்து அவன் பக்கமே வராது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு பரிசோதனை முகாம் நடக்கும், அதில் நாற்பது கஜ ஓட்டத்தை நூறில் ஒரு விநாடி வரை அளப்பார்கள். 2022இல் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் கைல் ஹாமில்டன் அதை ஓட எடுத்துக்கொண்ட நேரம் 4.59 விநாடி. எல்லாரும் எதிர்பார்த்ததைவிட மெதுவு. முதல் சில இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவர் 14ஆவதாகத்தான் தேர்வானார். அடுத்த வருடமே, 2023 சீசனுக்கான ஆல் ப்ரோ முதல் அணியில் இருந்தார். ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லவில்லை. நேராக ஓடச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்குச் சரியான பதில் சொன்னது. சேஃப்டியின் வேலை எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது.

நம்மூரிலும் இப்படி ஒன்று உண்டு. தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கிக்கொடுத்தபோது வயது 41. கார்னரில் நின்று பிடிக்கிறவர். வயது என்ற கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் இந்த இரண்டு கதைகளையும் சொல்லும்போது எனக்குள் ஓர் உறுத்தல் இருக்கிறது. மெதுவாக ஓடியதால் உண்மையிலேயே தோற்றுப்போன சேஃப்டிகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. எண்ணிக்கையில் தெரியாத திறமை என்பது உண்மை. எண்ணிக்கையில் ஒன்றும் இல்லாததால் திறமை ஒளிந்திருக்கிறது என்பது சமாதானம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சும்மா நிற்கிறவனும் கைவிடாமல் நிற்கிறவனும் அட்டவணையில் ஒரே பூஜ்யம்தான். மாஸ்டருக்குத் தம்பி மேல் பிரியம். எனக்குக் குற்ற உணர்ச்சி. இரண்டுமே நல்ல கண்ணாடிகள் இல்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் தோன்றியது. அவன் இல்லாமல் அதே அணி ஆடினால் என்ன ஆகிறது? அதற்கும் ஒரு வீடியோ கிடைத்தது. தோள் காயத்தால் அவன் உட்கார்ந்திருந்த வாரம் அணி ஓர் ஆட்டம் ஆடியது. அதுவரை மற்றப் பக்கமே போய்க்கொண்டிருந்த ரெய்டர்கள் அந்த ஆட்டத்தில் அவன் நிற்கும் பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறைந்தார்கள். இடது கார்னர் பையனின் பிடிகளும் குறைந்தன.

ஒரே ஓர் ஆட்டம். எதிரணி வேறு. அவனுக்குப் பதிலாக நின்றவன் புதுசு. இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் என் கையில் இருந்த ஒரே சான்று அதுதான். அந்தச் சான்றை எனக்குக் கிடைக்கச் செய்ததே நான் அனுப்பிய அட்டவணைதான் என்பதையும் மறக்க முடியவில்லை.

*

தம்பி என்னிடம் கேட்டது வேறு. "அண்ணே, நான் தேறுவேனா? மில்லுல சேரவா, வேண்டாமா?"

இது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. நான் நல்லா ஆடுறேனா, என்னை எடுப்பாங்களா, நான் என்ன செய்யணும். முதலாவது தரம். இரண்டாவது விலை. மூன்றாவதற்கு ஒரே சொல் எனக்குத் தெரியவில்லை, வாழ்க்கை என்றுதான் சொல்ல வேண்டும். நம்மைப் போன்றவர்கள் முதல் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் தெரிந்ததும் அதே வாயால் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் சொந்தக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

விலை எவ்வளவு தள்ளாடும் என்பதற்குத் தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு விளக்கம் வேண்டாம். 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். லீக் வரலாற்றில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அவர் இல்லாத அந்த அணி, 2017இல் லீக்குக்கு வந்ததிலிருந்து எட்டாத அரையிறுதியை அந்த வருடம் எட்டியது. அடுத்த ஏலத்தில் பவனுக்கு அதைவிட அதிக விலை, 2.605 கோடி, இன்னோர் அணி கொடுத்தது. இதில் யாரும் முட்டாள் இல்லை. விலை என்பது அன்றைக்கு யாருக்கு எது தேவைப்பட்டது, யார் கையில் எவ்வளவு பணம் மிச்சம் இருந்தது என்பதன் கணக்கு. அதற்குள் ஒரு மனிதனின் தரம் இருக்கும், அது மட்டுமே இருக்காது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆளை ஆராய்ந்து நம்புவது ஒன்று, ஆராய்ந்தவனுக்கு உரிய வேலையைக் கொடுப்பது இன்னொன்று. இரண்டும் தேர்ந்தெடுக்கிற அரசனுக்குச் சொன்னவை. ஆராய்வதோடு அரசன் வேலை முடிவதில்லை, வேலையைக் கொடுத்து அதன் பலனோடு அவனும் வாழ வேண்டும். அதனால் ஆராய்ச்சியில் அவனுக்கும் பங்கு இருக்கிறது, பயமும் இருக்கிறது. என் நிலைமை வேறு. தம்பி என் பேச்சைக் கேட்டு மில் வேலையை விட்டு, அங்கேயும் எடுபடாமல் போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பத்துக்கு எத்தனை என்று எழுதிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். மதிப்பிடுவதில் என்னை உறுத்தியது இந்தச் சுளுவுதான்.

அதனால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது, அதையும் முதலில் அவனிடமே நேரில் சொல்வது என்று முடிவு செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். எதைப் பார்த்தேன் என்று சொன்னேன். எதைப் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னேன். ஏழு ஆட்டத்தில் ஆறு மண் தரை. புரோ கபடி மேட்டில், ஷூ போட்டு ஆடுவது. மண்ணில் அரை அடி நகர்ந்து வழி அடைப்பவன் மேட்டிலும் அதே நேரத்தில் நகர்வானா என்று அந்த வீடியோக்களில் தெரியாது. அவனைவிடக் கனமான ரெய்டர்கள் அந்த ஏழு ஆட்டத்தில் இரண்டு பேர்தான்.

"அப்ப மில்லு?"

"அதை நான் சொல்ல முடியாது தம்பி. சொன்னா அது தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றது."

கொஞ்ச நேரம் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். "ஒண்ணாந்தேதி சேர்றேண்ணே. செலக்‌ஷன் அன்னிக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். அதை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான் என்று நினைக்கிறேன்.

*

நான் எழுதிய தாளில் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். மனிதனுக்கு எண் போடுவதில்லை என்ற பெருமையோடு மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. மார்க்கு எங்க?"

"போடலை மாஸ்டர்."

"அவங்களுக்கு இப்படி ஐந்நூறு பாரம் வரும்யா. மார்க்கு இல்லாததை எடுத்து ஓரமா வெச்சிருவாங்க. நீ நல்லவனா இருக்கறதுக்கு இவன் பாரம் ஓரமாப் போகணுமா?"

என்னிடம் பதில் இல்லை. எண் போடாமல் இருப்பதும் ஒரு மதிப்பீடுதான், அதன் விலையையும் தம்பிதான் கொடுப்பான். ஏழு என்று எழுதினேன். கீழே, இது மண் தரையில் ஏழு ஆட்டங்களைப் பார்த்துச் சொன்னது, பிடி எண்ணிக்கையைப் பார்க்காமல் இவர் நிற்கும் பக்கம் ரெய்டர்கள் எத்தனை முறை வருகிறார்கள் என்று பார்க்கவும், என்று சேர்த்தேன். ஏன் ஏழு, ஏன் ஆறோ எட்டோ இல்லை என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

காயங்களுக்கான கட்டம் மிச்சம் இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு, தோளை எழுதத்தான் வேண்டும் என்று சொன்னேன்.

"அதை விட்டுருங்கண்ணே. இப்ப வலி இல்ல."

"பாரத்துல கேட்டிருக்காங்க தம்பி. ஆறு மாசத்துக்குள்ள நடந்தது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"சரி, எழுதுங்க. எப்படி விழுந்தேன்னும் சேர்த்து எழுதுங்கண்ணே."

எழுதினேன். எப்போதும் பக்கத்து ஆளின் கையை விடாத கவர் ஆட்டக்காரர் அன்றைக்கு ஏன் விட்டார், யார் அவருக்கு எந்த அட்டவணையை அனுப்பினார் என்று எழுதினேன். அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுத வேண்டியிருந்தது.